பிராண்ட் கம்பெனியில் வேலை வேண்டும் என்கிறாளா? எந்த மேசையில் என்று கேளுங்கள்

வணக்கம் அம்மா.

பிளஸ் ஒன் முடித்த மகள், கணிதப் பிரிவில் நல்ல மதிப்பெண் இருந்தும் இன்ஜினியரிங் வேண்டாம், பெரிய ஃபேஷன் பிராண்டில் வேலை செய்யப் போகிறேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இது படிப்பா, இன்ஸ்டாகிராம் பார்த்து வந்த ஆசையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆசை எங்கிருந்து வந்தது என்று துருவுவதில் பயனில்லை. நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இன்ஜினியரிங் ஆசையே பக்கத்து வீட்டிலிருந்து வந்ததுதான்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. அந்தக் கம்பெனியில் எந்த மேசையில் உட்காரப் போகிறாய் என்று கேளுங்கள். டிசைனிங் என்பாள், இல்லையென்றால் மார்க்கெட்டிங் என்பாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவது அந்த இரண்டும்தான். அவள் விரும்பும் பிராண்டுகளுக்குப் பெயர் எப்படி வந்தது என்று பார்த்தால், மற்ற மேசைகளும் தெரியவரும்.

லீவைஸ் ஜீன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒரு தையல்காரர் இருந்தார். உடலுழைப்பாளிகளின் பேன்ட் பாக்கெட் ஓரம் அடிக்கடி பிய்ந்து வந்தது. பிய்யும் முனைகளில் செம்பு ரிவெட், அதாவது சின்ன உலோக ஆணி, அடித்துக் கொடுத்தார்; ஆட்கள் தேடி வந்தார்கள். காப்புரிமை வாங்கப் பணம் போதாமல், தனக்குத் துணி தரும் சான் பிரான்சிஸ்கோ மொத்த வியாபாரி லீவை ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். 1873 மே 20 அன்று காப்புரிமை கிடைத்தது. துணி எங்கே தோற்கிறது என்று ஒரு தையல்காரர் கவனித்ததில் பிறந்த பிராண்ட் அது. இன்று இதே வேலையைத் தரக்கட்டுப்பாடு, தயாரிப்பு மேம்பாடு என்கிறோம்.

1886-ல் அந்த பேன்டின் இடுப்பில் ஒரு தோல் பட்டை வந்தது. இரண்டு குதிரைகள் ஒரு பேன்டை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் படம். வாங்குகிற எல்லோருக்கும் ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கடையில் போய் இரண்டு குதிரை போட்டதைக் கேட்டால் போதும். தீப்பெட்டியையும் சோப்பையும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கிய நம் பாட்டிமாருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கைப்பைக்கும் பயணப் பெட்டிக்கும் பேர்போன லூயி விட்டான் பற்றி உங்கள் மகள் உங்களுக்கே பாடம் எடுப்பாள். ஆனால் அந்தப் பூவும் எழுத்தும் போட்ட துணி ஏன் வந்தது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். 1854-ல் பாரிஸில் கடை தொடங்கிய லூயி விட்டான், அன்றைய வளைந்த மூடிகளுக்குப் பதிலாகத் தட்டையான மூடி வைத்துப் பயணப் பெட்டி செய்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம் என்பதால் ரயிலிலும் கப்பலிலும் போகிறவர்களுக்குப் பிடித்துப்போனது. உடனே எல்லோரும் அதேபோல் செய்யத் தொடங்கினார்கள். கோடு போட்ட துணிக்கு மாற்றினார், அதையும் நகலெடுத்தார்கள். 1888-ல் கட்டம் போட்ட துணி. கடைசியில் 1896-ல், அவர் இறந்த பிறகு, மகன் ஜார்ஜ் கொண்டு வந்ததுதான் இன்று நாம் பார்க்கும் மோனோகிராம். போலிகளோடு நடந்த சண்டை அந்த அழகுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அதை நடத்துபவர்கள் வழக்கறிஞர்கள். வர்த்தக முத்திரைச் சட்டம் படித்தவர்களுக்கு ஃபேஷன் கம்பெனிகளில் நிரந்தரமாக வேலை இருக்கிறது. பிராண்ட் வேலை வேண்டும் என்று வந்த ஒரு பிள்ளையைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பினால் பெற்றோர் என்னை விநோதமாகத்தான் பார்ப்பார்கள், தெரியும்.

ஷூ கம்பெனியான நைக்கியின் சின்னத்தை 1971-ல் வரைந்து கொடுத்தவர் கரோலின் டேவிட்சன் என்ற கல்லூரி மாணவி. வாங்கிய கூலி 35 டாலர். லோகோ வரையக் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வேன். அந்தச் சின்னத்துக்கு மதிப்பு வந்தது பிறகு ஓட்டக்காரர்களோடும், 1984-ல் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனோடும் போட்ட ஒப்பந்தங்களால். பின்னாளில் கம்பெனி கரோலினுக்குப் பங்குகள் கொடுத்து மரியாதை செய்தது, அது வேறு கதை.

நான் அதிகம் சொல்ல விரும்புவது பர்பெரியைப் பற்றி. பெயர் வருவதும் போவதும் திரும்புவதும் அந்த ஒரே கம்பெனியில் பார்க்கலாம்.

தாமஸ் பர்பெரி 1856-ல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் துணிக்கடை தொடங்கினார். 1879-ல் கேபர்டின் என்ற துணியை உருவாக்கினார். நூலை நெய்வதற்கு முன்பே நீர் ஒட்டாதபடி பதப்படுத்தி, நெருக்கமாக நெய்த துணி. மழை உள்ளே இறங்காது, ஆனால் காற்றாடும். அதுவரை மழைக்கோட்டு என்றால் ரப்பர் பூசியது, போட்டால் வேர்த்துக் கொட்டும். துருவப் பயணம் போனவர்கள் இதை அணிந்தார்கள், முதல் உலகப் போரில் அதிகாரிகள் அணிந்தார்கள், டிரெஞ்ச் என்றால் பதுங்குகுழி; டிரெஞ்ச் கோட்டு என்ற பெயர் அங்கிருந்துதான் ஊருக்குள் வந்தது. 1920-களில் கோட்டின் உள்பக்க லைனிங்காக வந்ததுதான் இன்றைய பிரபலமான பழுப்புக் கட்டம்.

உள்ளே இருக்கும்வரை அந்தக் கட்டத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. பிறகு உலகெங்கும் பல கம்பெனிகளுக்கு அந்தப் பெயரில் பொருள் செய்து விற்க உரிமம் கொடுத்தார்கள். உரிமத் தொகை சும்மா வருகிற பணம், யாருக்கும் ஆசை வரும். தொப்பி, குடை, நாய்க்குப் போடும் சட்டைவரை கட்டம் ஏறியது. போதாததற்குத் தெருவெங்கும் போலிகள். 2000-களின் தொடக்கத்தில் கால்பந்து மைதானங்களில் தகராறு செய்யும் கும்பல்களின் அடையாளமாக அந்தக் கட்டம் மாறிப்போனது. கட்டம் போட்டு வந்தவர்களை உள்ளே விட மாட்டோம் என்று சில மதுக்கூடங்களே சொன்னன.

2006-ல் ஆஞ்செலா அரெண்ட்ஸ் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். முதல் திட்டக் கூட்டத்துக்கு உலகெங்குமிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட மேலாளர்கள் வந்தார்கள். லண்டனில் அன்று மழை மூட்டம். ஒருவர்கூடத் தங்கள் கம்பெனியின் டிரெஞ்ச் கோட்டைப் போட்டுக்கொண்டு வரவில்லை என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். செய்கிறவர்களே அணிய விரும்பாததை வெளியார் ஏன் முழு விலை கொடுத்து வாங்க வேண்டும்? 23 உரிமங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார்கள். கோட்டை மறுபடி நடுவில் வைத்தார்கள். கட்டத்தைப் பெரும்பாலான பொருட்களிலிருந்து எடுத்தார்கள். பெயர் மெல்லத் திரும்பியது.

இந்தக் கதையில் எத்தனை மேசைகள் பாருங்கள். துணி விஞ்ஞானம் தெரிந்த ஒருவர், உரிம ஒப்பந்தத்தைப் படித்து எதை ரத்து செய்யலாம் என்று சொன்ன ஒருவர், எந்தப் பொருள் எவ்வளவு விற்கிறது என்று கணக்குப் பார்த்த ஒருவர், வருமானம் வந்துகொண்டிருந்ததை வேண்டாம் என்று சொல்லத் துணிந்த ஒருவர். கணிதம் நன்றாக வரும் பிள்ளை என்கிறீர்கள். அந்தக் கணக்கு மேசை அவளுக்குப் பொருந்தலாம். விற்காத சரக்கை என்ன செய்வது என்பதும் அதே மேசையின் தலைவலி: 2018 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இதே பர்பெரி 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்தது. தெரிந்ததும் ஊர் சிரித்தது, அந்தச் செப்டம்பரிலேயே இனி எரிப்பதில்லை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. சரக்கு எவ்வளவு செய்வது என்று சரியாகக் கணிப்பதும் பெயரைக் காப்பாற்றுகிற வேலைதான்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கு எப்படி என்று உங்கள் கணவர் கேட்பார். ஓசூரைக் காட்டுங்கள். டைட்டன், டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய கம்பெனி. எச்எம்டிதான் கைக்கடிகாரம் என்றிருந்த நாட்டில், ஜெர்க்ஸஸ் தேசாயின் தலைமையில் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தை நம்பி இறங்கினார்கள். தனிக் கடைகள் வைத்தார்கள். மோட்ஸார்ட்டின் 25-வது சிம்பொனியிலிருந்து எடுத்த இசையை விளம்பரத்தில் போட்டு, கடிகாரத்தைப் பரிசுப் பொருளாக்கினார்கள். அந்த இசையைக் கேட்டால் உங்களுக்கே நினைவு வரும்.

என்னைக் கேட்டால், அவர்களின் கெட்டிக்காரத்தனம் அவர்களே தொடங்கிய தனிஷ்க் நகைக்கடையில்தான் தெரிகிறது. தொடக்கத்தில் 18 கேரட் நகை வைத்தார்கள், நம் மக்கள் சீண்டவில்லை. 22 கேரட்டுக்கு மாறினார்கள். அப்போதும், தலைமுறையாகப் பழகிய ஆசாரியை விட்டுவிட்டு ஒரு கம்பெனி கடைக்கு யார் போவார்கள்? கேரட்மீட்டர் என்ற கருவியைக் கடையிலேயே வைத்தார்கள். நகையை உருக்காமல், உரசாமல், எக்ஸ்ரே கதிர் கொண்டு சில நிமிடங்களில் தங்கத்தின் தரத்தைச் சொல்லிவிடும். வீட்டு நகையைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்த பலருக்குத் தாங்கள் 22 என்று நம்பி வாங்கியது 22 இல்லை என்று தெரிந்தது. எத்தனை விளம்பரம் கொடுத்தாலும் வராத நம்பிக்கை அந்த ஒரு மெஷினில் வந்தது. அதைக் கடையில் வைக்கலாம் என்று யோசித்தது விற்பனை மூளை.

இன்னொரு பக்கம் திருப்பூர், ஆம்பூர், ராணிப்பேட்டை. உலகப் பிராண்டுகள் பலவற்றின் பனியனும் ஷூவும் இந்த ஊர்களில் தைக்கப்படுகின்றன. திருப்பூரில் மெர்ச்சண்டைசர் என்று ஒரு வேலை உண்டு. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் டெக் பேக்கை, அதாவது அளவும் துணியும் தையலும் எப்படி என்ற குறிப்பைப் படித்து, சாம்பிள் போட்டு, துணியின் எடை (ஜிஎஸ்எம்), சாயம், தையல் எல்லாம் சரியா என்று பார்த்து, ஷிப்மென்ட் தேதி தவறாமல் அனுப்பி வைப்பவர். வெளியே பெயர் தெரியாது. ஆனால் லண்டன் கடையில் ஒரு டி-ஷர்ட் முதல் துவைப்பிலேயே சுருங்கினால் முதல் போன் இவருக்குத்தான். இரண்டு வருடம் இந்த வேலை பார்த்தவர்களைச் வெளிநாட்டு பிராண்டுகளுக்காகச் சரக்கு வாங்கித் தரும் சென்னை, பெங்களூரு பையிங் ஆபீஸ்கள் எடுத்துக்கொள்கின்றன. தொடக்கச் சம்பளம் மென்பொருள் கம்பெனியைவிடக் குறைவாகவே இருக்கும், ஷிப்மென்ட் வாரத்தில் வீடு திரும்ப நேரமாகும். இரண்டையும் மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இனி படிப்பு. மத்திய அரசின் ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்ட் 1986-ல் தில்லியில் தொடங்கியது. சென்னை வளாகம் தரமணியில் இருக்கிறது. வரையவும் கையால் செய்யவும் ஆர்வமிருந்தால் அங்கே பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டப்படிப்பு. எந்தப் பாடப்பிரிவு எடுத்தவரும் எழுதலாம். பொதுத் திறன் தேர்வு, படைப்பாற்றல் தேர்வு, பிறகு கொடுத்த பொருட்களை வைத்து ஏதாவது செய்துகாட்டும் ஒரு தேர்வு. தையலும் இயந்திரமும் உற்பத்தியும் பிடித்தால் பி.எஃப்.டெக் என்ற ஃபேஷன் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு, அங்கே கணிதம் கைகொடுக்கும். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் ஃபேஷன் டெக்னாலஜி பி.டெக். உண்டு. இன்ஜினியரிங் பட்டம் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால் இது இரு தரப்புக்கும் சமாதானம். ஷூ, தோல் பக்கம் ஆர்வமென்றால் காலணி வடிவமைப்புக்கான மத்திய அரசு நிறுவனம் எஃப்டிடிஐ இருக்கிறது.

பலருக்குத் தெரியாதது, நிஃப்டின் ஃபேஷன் மேனேஜ்மென்ட் முதுநிலைப் படிப்பு என்பது. பி.காம்., பொருளாதாரம், புள்ளியியல் என்று எதைப் படித்துவிட்டும் அதற்குப் போகலாம். உங்கள் மகளைப் பார்க்காமல் சொல்கிறேன்: பிராண்டுகளின் கதைதான் அவளை இழுக்கிறது, ஊசி நூலைத் தொட்டதில்லை என்றால், இந்த வழி நல்லது. மூன்று வருடம் புள்ளியியல் படிக்கட்டும். அதற்குள் ஆசை மாறினாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும்.

ஃபேஷன் மேனேஜ்மென்ட் டிப்ளமா என்று சில லட்சம் கேட்கும் தனியார் நிறுவனங்கள் நிறைய முளைத்திருக்கின்றன. நேரில் போய் தையல் கூடத்தையும் துணி சோதனைக் கருவிகளையும் காட்டச் சொல்லுங்கள். போன வருடம் படித்து முடித்தவர்கள் இரண்டு பேருடன் பேச வேண்டும் என்று கேளுங்கள். சுவரில் ஒட்டிய மாடல் படங்களைக் காட்டிப் பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடலாம்.

இந்த விடுமுறையில் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். திருப்பூரிலோ ஈரோட்டிலோ தெரிந்தவர் யூனிட் ஒன்றில் இரண்டு வாரம் போய் உட்காரட்டும். கட்டிங்கில் ஒரு நாள், செக்கிங்கில் ஒரு நாள், மெர்ச்சண்டைசர் பக்கத்தில் மீதி நாள். பிறகு பெரிய மாலுக்குப் போய் ஏதாவது ஒரு பிராண்ட் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, தையலில் என்ன பார்த்தாள் என்று எழுதி வரட்டும். இரண்டு வாரமும் சலிக்காமல் போனாள் என்றால் மேற்கொண்டு பேசலாம். மூன்றாம் நாளே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் என்றாலும் நஷ்டமில்லை, சீக்கிரம் தெரிந்துகொண்டோம்.

நிஃப்ட் விண்ணப்பம் வழக்கமாக ஆண்டுக் கடைசியில் வரும், தேர்வு அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில். பிளஸ் டூ பொதுத் தேர்வுக்குச் சற்று முன்பு அது வந்து நிற்கும் என்பதால் படைப்பாற்றல் தேர்வுக்கான வரைபடப் பயிற்சியை இந்த ஜூனிலேயே தொடங்கிவிட வேண்டும். எழுதுவதா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.