எழுதக் கற்பிப்பது மொழித் துறையின் பொறுப்பு மட்டுமா?

‘எல்லாப் பாடங்களிலும் மாணவர்களும் ஆசிரியர்களும் நன்றாக எழுத, ஆங்கிலத் துறையின் பொறுப்பில் ஒரு பயிற்சி மையம் தொடங்கினால் போதாதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பது என் உறுதியான கருத்து. சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் அனுபவத்திலிருந்து இதைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளாக எங்கள் மாணவர்கள் முந்தைய ஆண்டு மாணவர்களின் ஆய்வக ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி வந்தார்கள். நானும் படம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டு வந்தேன். அந்தத் தவறு என்னுடையது.

இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 48 பேரை ஏற்காட்டுக்குக் களப்பயணம் அழைத்துச் சென்றபோது இதை மாற்றினேன். சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் தாவரங்கள் எப்படி மாறுகின்றன என்பதைக் குறித்துக்கொண்டு, இரண்டு பக்கம் எழுதச் சொன்னேன். ‘மேலே செல்லச் செல்லக் குளிர் கூடுவதால் காப்பியும் சில்வர் ஓக்கும் காணப்படுகின்றன’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை; மொழி ஆசிரியர் அதைச் சரியென்றே விட்டிருப்பார். ஆனால், ‘அவை தாமாக வளர்ந்தவையா, நட்டவையா?’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் மரம் என்பதையும், காப்பி 19ஆம் நூற்றாண்டில் தோட்டப் பயிராக இந்த மலைக்கு வந்தது என்பதையும் தேடிப் படித்த அந்த மாணவி, இயல்பாக வளர்ந்தவற்றையும் மனிதர் நட்டவற்றையும் தனித்தனியே பிரித்து முழுப் பத்தியையும் மாற்றி எழுதினார். அவர் தாவரவியல் கற்றது அந்தத் திருத்தத்தின்போதுதான் என்று நம்புகிறேன்.

இது புதிய எண்ணம் அன்று. பிரிட்டனில் 1975இல் வெளியான புல்லக் குழு அறிக்கை, பள்ளியில் மொழி வளர்ச்சிக்கு எல்லாப் பாட ஆசிரியர்களும் பொறுப்பேற்க வேண்டும் என்று வலியுறுத்தியது. நம் மாணவர்களுக்கு இன்னொரு தேவையும் உண்டு: தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதல் வரைவைத் தமிழில் எழுத இடம் தர வேண்டும். ஆங்கிலத்திலேயே தொடங்கச் சொன்னால், சிந்திப்பதைக் கைவிட்டு நோட்ஸை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

வேலை கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். ஒரு வரைவுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 48 பேருக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. அதனால் முதல் வரைவில் எழுத்துப்பிழைகளைத் தொடாமல், பாடம் சார்ந்த இரண்டு கேள்விகளை மட்டும் எழுதுகிறேன். மற்ற ஆய்வகச் சோதனைகளுக்கு வழக்கமான ரெக்கார்டே தொடர்கிறது.

ஆசிரியர்களின் நிலையும் கவலைக்குரியது. கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி, பிறர் எழுத்துடன் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அந்த எண்ணுக்குள் அடங்குவதற்காகச் சொற்களை மட்டும் மாற்றிப் பொருளைச் சிதைத்த கட்டுரைகளை நான் கண்டிருக்கிறேன். எழுதுவதற்குத் துணை நிற்க ஆள் இல்லாததே அதற்குப் பெரிய காரணம். இப்போது வேதியியல், வணிகவியல், தமிழ்த் துறைகளைச் சேர்ந்த நண்பர்களுடன் வாரம் ஒரு மணி நேரம் அமர்ந்து ஒருவர் வரைவை மற்றவர் படிக்கிறோம். வணிகவியல் ஆசிரியருக்குப் புரியாத என் பத்தி, பெரும்பாலும் எனக்கே தெளிவில்லாத பத்தியாக இருக்கிறது.

மையம் தொடங்க விரும்பினால் தொடங்குங்கள். அதற்கு முன் உங்கள் முதல்வரிடம் இரண்டைக் கேளுங்கள். அசைன்மென்டுக்கான இன்டர்னல் மதிப்பெண்ணில் பாதியை, திருத்தி எழுதிய வரைவுக்கு ஒதுக்க அனுமதி வேண்டும். ஆசிரியர்களின் கால அட்டவணையில் அந்த ஒரு மணி நேரத்தைப் பணியாகவே சேர்க்க வேண்டும்.