ஒகேனக்கல் தவிர, தருமபுரி - கிருஷ்ணகிரிப் பக்கம் பழங்காலத்து இடங்கள் பார்க்க என்ன இருக்கிறது?

"ரெண்டு நாள் பைக்கில் வருகிறோம், அருவி வேண்டாம், நிஜமாகவே பழசு வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சொந்த ஊர் தருமபுரி. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இங்கே பழசு என்றால் நடுகல்தான், அதாவது சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல். ஆனால் யாரிடமும் "நடுகல் எங்கே இருக்கு?" என்று கேட்காதீர்கள்.

நான் கேட்டேன். அரூர்ப் பக்கம் ஒரு கிராமம். கொல்லையில் வேலையாக இருந்த பெரியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "எந்தக் கல்லு? யார் நட்டது? அளக்க வந்திருக்கீங்களா?" என்றார். சர்வே கல் பார்க்க வந்த ஆபீஸ் ஆள் என்று நினைத்துவிட்டார்! அவரையும் குறை சொல்ல முடியாது. 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் (இந்தச் சீமையின் அப்போதைய பெயர்) கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, கைக்குப் போனதும், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலம் அளந்து வரி போட்ட சீமை இது. விவசாயியிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவானதே இங்கேதான்.

திண்ணையில் இருந்த ஆயாதான் காப்பாற்றினார். "அட, அது நம்ம வேடியப்பனைக் கேக்குதுப்பா!"

புளியமரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகைக்கல். ஒரு கையில் வில், இன்னொரு கையில் குறுவாள், மார்பில் தைத்த அம்பு. மஞ்சளும் எண்ணெயும் ஏறி முகம் மழுங்கிவிட்டது. தலைக்கு மேல் மூன்று வரி வட்டெழுத்து, பழைய தமிழ் எழுத்து வகை. இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளில் 'தொறு' என்ற சொல் அடிக்கடி வரும். மாட்டு மந்தை என்று பொருள். மந்தையை ஓட்டிப் போக வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல்தான், பிறகு வேடியப்பன் சாமியாகிவிட்டது. ஆகவே செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். எழுத்து தெரியவேண்டும் என்று மாவு பூசுவது, சாக்பீஸ் தேய்ப்பது, எண்ணெயைத் துடைப்பது எதுவும் வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தானாகவே எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் போனால் வெறும் கல்தான்.

நேராகக் கிராமத்துக்குப் போவதற்கு முன் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

சேலம் ரோட்டில் அதியமான்கோட்டை. தேய்பிறை அஷ்டமியில் காலபைரவர் கோயிலுக்குப் பூசணிக்காய் விளக்கேற்ற வரும் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் வேறு நாளில் வாருங்கள். அங்கேயே இருக்கும் சென்றாயப் பெருமாள் கோயிலின் கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கட்டும். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூர் இது என்று ஊரெல்லாம் சொல்வோம். ஆனால் அவன் பெயரைக் கல்லில் பார்க்க, திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பைக்குத்தான் போகவேண்டும். தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் உள்ள அந்தக் கல்வெட்டு 1981-ல் வெளிப்பட்டது.

இரண்டாம் நாள் கிருஷ்ணகிரி. மல்லசந்திரத்தை விடாதீர்கள். பாறை மேட்டில் பலகைக்கற்களை நிறுத்தி, மேலே மூடி வைத்த கற்திட்டைகள், அதாவது பழங்காலத்து ஈமச்சின்னங்கள், வரிசையாக இருக்கும். சிலவற்றின் பலகையில் வட்டமாக ஒரு துளை. எனக்கு இந்த இரண்டு மாவட்டத்திலும் பிடித்த இடம் இதுதான். உள்ளே எட்டிப் பார்த்தால் போதும், ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்காதீர்கள்.

அகழாய்வு நடந்த மயிலாடும்பாறையில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று காலக்கணிப்பு வந்து, 2022-ல் சட்டசபையில் அறிவித்தபோது எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. அப்புறம் தூத்துக்குடிப் பக்கத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பு அதைவிடவும் பழசு என்று வந்துவிட்டது. ஆய்வு முடிந்தால் குழியை மூடிவிடுவார்கள், பார்ப்பதற்குப் பாறையும் புதரும்தான்.

ராயக்கோட்டை மலைக்கோட்டைக்கு நேரம் இருந்தால் ஏறுங்கள், தண்ணீர் எடுத்துக்கொண்டு. 1791-ல் கும்பினிப் படை பிடித்த கோட்டை, இப்போது இடிந்த மதில்தான்.

அங்கிருந்து தேன்கனிக்கோட்டை, தளி என்று போனால் வேடியப்பன் பெயர் எடுபடாது. கன்னடமும் தெலுங்கும் புழங்கும் ஊர்கள். அங்கே "வீரகல்லு" என்று கேளுங்கள்.