டோனா லீ: ஆல்டோ சாக்ஸுக்கு எந்த நோட்டேஷன்?

கேள்வி: 'டோனா லீ' என்ற ஜாஸ் மெட்டின் லீட் ஷீட்டை (மெட்டும் கார்டுகளும் மட்டும் எழுதிய தாள்) பார்த்து ஆல்டோ சாக்ஸில் வாசித்தால் பியானோவோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. மெதுவாக வாசிக்கையில் சரியாக வருவதும் வேகம் கூட்டினால் குழறுகிறது. தப்பு தாளிலா, என்னிடமா?

முதலாவது தாளின் கோளாறு, இரண்டாவது உங்களுடையது.

தாளின் தொடக்கத்தில் நான்கு ஃப்ளாட் (சுரத்தை அரைப்படி இறக்கும் குறி) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பியானோ, கிட்டார்காரர்களுக்கான சி பிரதி. ஆல்டோ இ ஃப்ளாட் கருவி: சி-யை ஊதினால் பியானோவின் இ ஃப்ளாட் கேட்கும். அதில் எழுதிய ஏ ஃப்ளாட்டை அப்படியே ஊதினால் பியானோவின் பி-தான் கேட்கும். ஆல்டோ பிரதியில் ஒரே ஒரு ஃப்ளாட், எஃப் மேஜர். டெனார் சாக்ஸுக்கும் டிரம்பெட்டுக்கும் இரண்டு ஃப்ளாட். ஆல்டோ மேதை சார்லி பார்க்கரின் சோலோக்களை எழுதிவைத்த ஆம்னிபுக்கும் இப்படித் தனித்தனிப் பதிப்பாக வருகிறது. அட்டையில் இ ஃப்ளாட் என்று இருப்பதை வாங்குங்கள்.

இனி ஆல்டோ பிரதியை வைத்தே பேசலாம். இரண்டாவது பாரில் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) டி7 என்ற கார்டு (chord, சுரக் கூட்டு) வரும். எஃப் அங்கே அரைப்படி ஏறி எஃப் ஷார்ப் ஆகிவிடும். வேகமாகப் போகும்போது கண் இதைத் தவறவிட்டு விரல் பழைய எஃப்-ஐ அழுத்தும். "ஏதோ தப்பாகக் கேட்கிறது, எங்கே என்று தெரியவில்லை" என்பவர்களில் பாதிப் பேருக்கு வியாதி இதுதான். அப்படி வரும் ஷார்ப், ஃப்ளாட் அத்தனையையும் முதலிலேயே பென்சிலால் வட்டமிடுங்கள்.

மொத்தம் 32 பார். 'இந்தியானா' என்ற 1917-ஆம் ஆண்டுப் பாட்டின் கார்டுகள் மேல் கட்டியது. 17-ஆவது பாரில் தொடக்கக் கார்டுகளே திரும்பி வரும். வழி பிரிவது நாலு பார் தள்ளி: 5-ஆவது பாரில் ஜி மைனர், 21-இல் ஏ7, அங்கிருந்து டி மைனர். நினைவிலிருந்து வாசிப்பவர்கள் தடம் மாறி முதல் பாதிக்கே திரும்பிவிடுவது இங்கேதான். இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து, தனியாக வாசித்துப் பழகுங்கள்.

வேகத்துக்கு வருவோம். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50-இல் வைத்து அந்தத் தட்டை 2, 4-ஆவது பீட்டாகக் கொள்ளுங்கள். வேகம் 100 ஆகிவிடும். நான்கு பாரும் ஐந்தாவதன் முதல் சுரமும் சேர்த்து ஒரு துண்டு. அந்த ஒட்டுச் சுரத்தை விட்டால் துண்டுகளைச் சேர்க்கும் இடத்தில் திணறுவீர்கள். மூன்று முறை பிசகாமல் வந்தபின் 52.

எட்டாம் பங்கு சுரங்களை மெதுவான வேகத்தில் கற்ற தத்தித் தாவும் ஸ்விங்கிலேயே 200-க்கு மேலும் இழுத்துப் போனால் குழறத்தான் செய்யும். வேகம் ஏற ஏற அவை கிட்டத்தட்ட சமமாகிவிட வேண்டும். ஸ்விங் நாக்கில் இருக்கிறது: பீட்டுக்கு நடுவே விழும் சுரத்தை நாக்கால் தொட்டு, அடுத்த பீட்டுக்கு ஸ்லர் பண்ணுங்கள் (நாக்கு வைக்காமல் இழையுங்கள்). எல்லாச் சுரத்துக்கும் நாக்கு வைத்தால் தட்டச்சு மாதிரி கேட்கும். இந்த ஸ்லர்களையும், பாதி விழுங்கின சுரங்களையும் பெரும்பாலான தாள்களில் போட்டிருக்க மாட்டார்கள்.

அதற்கு 1947 மே 8 அன்று சவாய் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவான முதல் பதிவுதான் கதி. பார்க்கரும் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸும் மெட்டை ஒன்றாக ஊதுகிறார்கள். (லேபிளில் பார்க்கர் பெயர், எழுதியது தான்தான் என்றார் டேவிஸ்.) பாதி வேகத்தில் ஓடவிட்டு, எது அழுந்துகிறது, எது மறைகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சுருதி மாறாமல் வேகம் குறைக்கும் செயலியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் எல்லாம் ஓர் ஆக்டேவ் கீழே போய்விடும்.