கண்ணாடியில் ஊதாப் படலமா? பாட்டிலைத் திறக்காதீர்கள்

கேள்வி: காரைக்குடியில் எங்கள் வீட்டில் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. கோமாளி மீன், மஷ்ரூம், ஜோவா என்ற பவள வகைகள், ஒரு கிளீனர் இறால். கண்ணாடியிலும், தண்ணீரில் அலை எழுப்பும் மோட்டாரான வேவ்மேக்கரிலும் ஊதா நிறத்தில் கல் மாதிரி ஒட்டுகிறது. கடைக்காரர் பாசி மருந்து தந்திருக்கிறார். ஊற்றலாமா?

பதில்: ஊற்றவே ஊற்றாதீர்கள். பாசி மருந்துகள் பலவற்றில் இருப்பது செம்பு. மீன் தாங்கினாலும் இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கசியவிடும். என்ன கலந்திருக்கிறது என்றுகூட லேபிளில் போடாமல் விற்கிறார்கள், கேட்க ஆளில்லை. அப்படிப்பட்ட பாட்டில் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

உங்கள் தொட்டியில் வளர்வது கோரலைன் பாசி. நோய் இல்லை, தண்ணீர் நன்றாக இருப்பதற்கு அடையாளம். பாறையில் படர்ந்ததைத் தொட வேண்டாம். அதன் ஓடு, செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் இறுகிக் கிடக்கும் சுண்ணாம்பேதான். அதனால் புளிப்புக்குக் கரையும். வேவ்மேக்கரின் இணைப்பைப் பிடுங்கி வெளியே எடுத்து, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். பொடிப்பொடியாக நுரைக்கும். அப்புறம் உள்ளே தண்ணீரைத் தள்ளும் சின்ன விசிறியான இம்பெல்லரைக் கழற்றிப் பழைய டூத்பிரஷால் தேயுங்கள். காந்தத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் பொருக்குதான் மோட்டாரை இரைய வைக்கிறது. நன்றாக அலசி மாட்டுங்கள்.

கண்ணாடிக்கு பிளேடு போதும். புள்ளியாக இருக்கும்போதே வாரம் ஒருமுறை சுரண்டுங்கள். தொட்டி அக்ரிலிக் என்றால் மட்டும் எஃகு பிளேடு கூடவே கூடாது, ஒரு இழுப்பில் கீறிவிடும். பிளாஸ்டிக் பிளேடு அல்லது பழைய ஏடிஎம் அட்டை. அதிலும் ஒரு மணல் துகள் சிக்கினால் கீறல்தான். அடிப்பக்கம் சுரண்டும்போது அடிக்கடி எடுத்துப் பாருங்கள். எதில் செய்தது என்று தெரியாவிட்டால் அக்ரிலிக் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

மஷ்ரூமுக்கும் ஜோவாவுக்கும் கல் எலும்பு கிடையாது. கால்சியம் பாட்டில் ஊற்றுகிறீர்களென்றால் நிறுத்தலாம். தண்ணீர் மாற்றும்போது சேரும் உப்பே போதும். ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் விடுங்கள், போர் தண்ணீர் வேண்டாம்.

"பாறையையே மாற்றிவிடலாம், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து லைவ் ராக் வரவழைக்கிறேன்" என்று தரகர் யாராவது வருவார். லைவ் ராக் என்பது சிற்றுயிர்கள் குடியேறிய, செத்த பவளத்தின் பாறை. கல் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளத்தின் எலும்பும் சேர்த்திதான். சட்டம் வந்து இத்தனை வருடமாகியும் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் சுற்றுகிறது. பிடிபட்டால் விற்றவரோடு வாங்கியவரும் மாட்டுவார். வாங்காதீர்கள்.