தியலும உச்சிக் குளங்கள்: பிள்ளைகளைக் குளிக்க விடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருந்து ஒன்பது பேர் டிசம்பர் விடுமுறையில் தியலும நீர்வீழ்ச்சியின் மேலே உள்ள குளங்களுக்குப் போக இருக்கிறோம். 8, 13 வயதுப் பிள்ளைகளும் 64 வயது அம்மாவும் வருகிறார்கள். வான் ஒழுங்குசெய்து தரும் ஒருவர், அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் பம்பரகந்த, தியலும, எல்ல மூன்றையும் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பலாம் என்கிறார். வழிகாட்டி, டிக்கெட், சாப்பாடு, காப்புறுதி எல்லாம் அவர் பொறுப்பாம். பாதிப் பணம் முற்பணமாகக் கேட்கிறார். பிள்ளைகளைக் குளிக்க விடலாமா? லைஃப் ஜாக்கெட் போதுமா?

பதில்: மேலே மழை இல்லாத நாளில், விளிம்பில் இருந்து தள்ளியிருக்கும் குளத்தில் விடலாம். லைஃப் ஜாக்கெட் மட்டும் போதாது. அந்த ஒருநாள் பயணத்தை இப்போதே கைவிடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல வழியாகத் தியலும இருக்கும் கொஸ்லந்தைக்குக் கிட்டத்தட்ட 200 கிலோமீற்றர். நெரிசல் இல்லாவிட்டாலும் ஐந்தரை, ஆறு மணித்தியாலம் பிடிக்கும். இடையில் பம்பரகந்த நீர்வீழ்ச்சியிலும் இறங்கினால் தியலும உச்சிக்கு நீங்கள் போய்ச் சேரும்போது பிற்பகல் ஒரு மணி தாண்டிவிடும். மலையில் இடிமழை கட்டுவது அந்த நேரத்தில்தான். வான்காரருக்கு இது தெரியாமல் இல்லை. அவருக்கு ஒருநாள் வாடகை முக்கியம், மூன்று இடத்தின் பெயரைச் சொன்னால்தான் ஆள் சேரும். முதல்நாளே போய் அப்புத்தளையிலோ வெல்லவாயவிலோ தங்குங்கள். காலை எட்டு மணிக்கு மேலே நிற்க வேண்டும், பதினொன்றரைக்குத் தண்ணீரை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

தியலும 220 மீற்றர், நாட்டிலேயே இரண்டாவது உயரமானது. வீதியில் நின்று பார்த்தால் ஒரே வீழ்ச்சியாகத் தெரியும். மேலே பூனாகலை ஓயா என்ற சிற்றாறு பாறைத் தட்டு தட்டாக இறங்கி, ஒவ்வொரு தட்டிலும் குளமாகத் தேங்கி, கடைசித் தட்டில் இருந்து பள்ளத்தில் விழுகிறது. படம் எடுக்க எல்லோரும் முண்டியடிப்பது அந்தக் கடைசித் தட்டுக்குத்தான். அங்கே குளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருப்பது வழுக்குப் பாறை. பிள்ளைகளோடு அதன் பக்கம் போகவே வேண்டாம். மேலே உள்ள தட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் வெளியேறும் வாயும் ஆழமில்லாமல் அகன்று இருக்க வேண்டும்.

ஆபத்து வருவது நீங்கள் பார்க்காத இடத்தில் இருந்து. உங்களுக்கு மேலே வெயில் எரித்துக்கொண்டிருக்கும். பூனாகலைத் தோட்டங்கள் பக்கம் கொட்டிய மழை தேயிலைச் சரிவுகளில் நிற்காமல் ஓயாவுக்கு இறங்கி, கொஞ்ச நேரத்தில் உங்கள் குளத்துக்கு வந்துவிடும். டிசம்பரில் மண் ஏற்கெனவே ஊறிப்போயிருப்பதால் அதுவும் தண்ணீரைப் பிடித்து வைக்காது. போனவுடன் கரையோரம் பாதி நனைந்த ஒரு கல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். தண்ணீர் ஒரு விரல் அகலம் ஏறினாலோ, பால் தேத்தண்ணி நிறத்துக்கு மாறினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ உடனே எல்லோரும் வெளியே. சப்பாத்து, துவாய், போன் எதையும் தேடக்கூடாது.

வந்த கரையிலேயே இருங்கள். அந்தப் பக்கம் படம் நன்றாக வரும் என்று ஓயாவைக் கடந்தவர்கள்தான் தண்ணீர் ஏறியதும் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படி மாட்டினால் உயரமான இடத்தில் ஏறி உட்கார்ந்துவிடுங்கள். மழை விட்டால் இப்படியான சின்ன ஓயாக்கள் சில மணித்தியாலங்களில் இறங்கிவிடும். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரைக் கடக்கக்கூடாது. முழங்கால் என்றால் சின்னப்பிள்ளையின் முழங்கால். கடக்கத்தான் வேண்டுமென்றால் முதுகுப்பையின் இடுப்பு, மார்புப் பட்டிகளைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழும்பலாம்.

லைஃப் ஜாக்கெட் ஆளை மிதக்க வைக்கும், நீரோட்டத்தை நிறுத்தாது. ஜாக்கெட் போட்ட பிள்ளையையும் ஓட்டம் அடுத்த தட்டுக்குக் கொண்டுபோகும். வாகன டியூப் இன்னும் மோசம், அதற்குப் பிடிப்பே இல்லை. வீழ்ச்சியின் அடியில் வெள்ளையாக நுரைக்கும் தண்ணீரில் பாதி காற்று. அதில் உடம்பும் மிதக்காது, ஜாக்கெட்டும் வழக்கம்போலத் தூக்காது. பாறை உள்ளே குடைந்திருக்கும் இடமும் அதுதான். எனவே எட்டு வயதுப்பிள்ளை முழங்கால் ஆழத்தில் இருக்கட்டும். பெரியவர் ஒருவர் எட்டிப் பிடிக்கும் தூரத்தில், ஓட்டத்தின் கீழ்ப்பக்கமாக நிற்க வேண்டும். எல்லோரும் மேல்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளை போவதோ கீழ்ப்பக்கம். 13 வயதுக்காரர் மேலிருந்து குதிக்கக் கேட்பார். மழைக்குப் பிறகு அடியில் கல்லும் மரக்கட்டையும் இடம் மாறியிருக்கும் என்று சொல்லித் தடுத்துவிடுங்கள். 15 மீற்றர் கயிறு ஒன்று கொண்டுபோங்கள். யாராவது தத்தளித்தால் கயிற்றை எறியுங்கள், பின்னால் குதிக்காதீர்கள். அம்புலன்ஸ் இலக்கம் 1990. மேலே சிக்னல் கிடைப்பதை நம்பாமல், சிக்னல் உள்ள கடைசி இடத்தைப் போகும்போதே பார்த்துவையுங்கள்.

பாதை இரண்டு. பிரதான வீதியில் இருந்து இரப்பர் தோட்டம் வழியே நேரே ஏறுவது ஒன்று. செங்குத்து, மழை பெய்தால் சேறு, பிள்ளைகளுக்கு வேண்டாம். மற்றது பூனாகலை வீதியால் சுற்றி ஆட்டோவில் மேலே போய், மாகல்தெனிய பக்கம் இறங்கி, மானாப்புல் வெளியூடாகக் கீழ்நோக்கி நடப்பது. உங்களுக்கு இதுதான். திரும்பும்போது களைத்த கால்களோடு ஏற்றம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அடிப்பகுதியில் நிற்கும் சிலர் “மேல் வழி மூடியாச்சு, இந்த வழிதான்” என்பார்கள். முதல்நாள் தங்கும் இடத்தில் விசாரித்துவிட்டுப் போனால் அந்தக் கதை எடுபடாது. கட்டணம் கேட்டால் பற்றுச்சீட்டு கேளுங்கள். இரப்பர் செருப்பு கூடாது, பிடிமானம் தேயாத சப்பாத்து வேண்டும். கறுப்பாகவோ பச்சையாகவோ மினுங்கும் பாறையில் நடக்காமல் உட்கார்ந்து நகருங்கள்.

வழிகாட்டி விஷயத்தில் நன்றாக ஏமாற்றுகிறார்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி அட்டை உள்ளவரைக் கேளுங்கள் என்பதுதான் பொதுவான ஆலோசனை. ஆனால் சாரதி வழிகாட்டிக்கும் அந்த அட்டை உண்டு. அவர் வானை நிறுத்திவிட்டு நிழலில் தூங்குவார், அல்லது உங்களோடு முதல் தடவையாக அந்தப் பாறையில் ஏறுவார். அட்டை இல்லாத தோட்டத்து இளைஞர் ஒருவருக்கு அந்த ஓயாவின் ஒவ்வொரு கல்லும் தெரிந்திருக்கலாம். அதற்காக ஆட்டோ நிற்கும் இடத்தில் கையைப் பிடித்து இழுக்கும் எல்லோரும் அப்படியானவர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு கேள்வி கேளுங்கள்: “மேலே நிற்கும்போது மழை வந்தால் எந்த வழியால் இறக்குவீர்கள்?” “நேற்று பூனாகலைப் பக்கம் மழையா?” உடனே, தயங்காமல், இடத்தின் பெயரோடு பதில் வர வேண்டும். “ஒண்டும் ஆகாது, வாங்க” என்பவரை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத் தோட்டங்களில் தமிழ் பேசுகிறார்கள். கொழும்பில் இருந்து வரும் மற்றக் குழுக்களைவிட உங்களுக்கு அது பெரிய வசதி. லயத்துக் கடையில் நின்று ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேளுங்கள், ஓயா எப்படி இருக்கிறது என்று சரியாகச் சொல்வார்கள்.

இனி டிசம்பர். தென்மேற்குப் பருவத்தில் கொழும்பு நனையும்போது கொஸ்லந்தைப் பக்கம் கச்சான் காற்று அடித்துக் காய்ந்துகொண்டிருக்கும். ஒக்டோபரில் தொடங்கி வடகீழ்ப் பருவம் முடியும்வரை கொஸ்லந்தைப் பக்கம் நனையும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்தது இதே கொஸ்லந்தையில்தான். ஆகவே திகதியை நெகிழ்வாக வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், அம்பர், சிவப்பு என்று வெளியிடுகிறது. ஹல்துமுல்லை, பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல ஆகிய நான்கையும் முதல்நாள் மாலையும் அன்று காலையும் பாருங்கள். மஞ்சள் என்றால் வீதியில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அம்பர், சிவப்பு என்றால் மலைப்பக்கமே போகாதீர்கள். எச்சரிக்கையின் தமிழ் வடிவம் பிந்தி வரலாம், சில வேளை வராமலே போகலாம். அதற்காகக் காத்திருக்காமல் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பிரிவின் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள். மழையைச் சொல்ல ஒரு திணைக்களம், மண்சரிவுக்கு இன்னொன்று, ஆற்றுக்கு வேறொன்று. இன்றைக்குக் குளத்தில் இறங்கலாமா என்று கேட்டால் மட்டும் எல்லோரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்தால் நடப்பில் உள்ள எச்சரிக்கையையாவது கேட்டுக்கொள்ளலாம்.

வான்காரர் சொல்லும் “காப்புறுதி” அநேகமாக வாகனக் காப்புறுதி. பாறையில் விழுந்த காலுக்கு அதில் ஒரு சதமும் வராது. வீட்டுப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வானை வாடகைக்கு விட்டிருந்தால் வீதி விபத்துக்கே இழப்பீடு மறுக்கப்படலாம். காப்புறுதி அட்டையைப் படம் அனுப்பச் சொல்லி, வாடகைப் பாவனை என்று இருக்கிறதா பாருங்கள். முற்பணம் பாதி அதிகம். கொடுக்கும் முன்பு, “அம்பர் அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் திகதி மாற்றம், இல்லையேல் முழுப்பணமும் திருப்பி” என்று வட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வேறு வான் பிடியுங்கள்.

அம்மாவுக்கு உச்சிக் குளம் வேண்டாம். தியலுமவை அவர் வீதியில் இருந்தே முழுதாகப் பார்க்கலாம். திரும்பும் வழியில் கலுபஹனவில் திரும்பி ஐந்து கிலோமீற்றர் உள்ளே போனால் 263 மீற்றர் பம்பரகந்த. வீதி ஒடுக்கமானது, பெரிய வான் என்றால் சந்தியில் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடியுங்கள். அதற்குப் பிறகு பைன் மரங்களுக்கிடையே சிறிய நடைதான், மெதுவாக நடந்தால் அம்மாவும் வரலாம். எல்லவை இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.