வாடகை வீட்டில் இருப்பவர் குடியிருப்போர் நலச் சங்கத்தில் சேர்ந்தால் ஏதாவது நடக்குமா?

கேள்வி இதுதான்: "வடசென்னையில் வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். நாளைக்கே வீடு மாறிப் போகக்கூடிய எனக்கு இதனால் என்ன பயன்? சங்கம் சொன்னால் யாராவது கேட்கிறார்களா?"

சேருங்கள். ஆனால் பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டுவிடுங்கள்: உங்களை ஓட்டு உள்ள உறுப்பினராகச் சேர்க்கிறார்களா, இல்லை சந்தா மட்டும் வாங்கிக்கொள்கிறார்களா? இந்த ஒரு கேள்வியை எங்கள் சங்கம் தன்னையே கேட்டுக்கொள்ளாமல் இரண்டு வருடத்துக்கு மேல் வீணாகப் போனது. அந்தக் கதையைச் சொன்னாலே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

எனக்கு வியாசர்பாடி பூர்வீகம். 2009இல் கொடுங்கையூர் பக்கம் வீடு கட்டி வந்தோம். எங்கள் நகரில் ஒன்பது தெரு. மெயின் ரோட்டை ஒட்டிய நாலு தெரு மேடு, பின்னால் கால்வாய் பக்கம் போகப் போக அஞ்சு தெரு பள்ளம். மேட்டில் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். பள்ளத்தில் ஒரே வீட்டை மூன்று போர்ஷன், நாலு போர்ஷன் ஆக்கி வாடகைக்கு விட்டிருப்பார்கள். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், மணலி கம்பெனிகளில் கான்ட்ராக்டில் இருப்பவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் என்று கலந்து இருப்பார்கள். எண்ணிப் பார்த்தால் அறுநூறு குடும்பத்துக்குக் குறையாது. சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் இருந்ததோ நூற்று நாற்பது பெயர். அத்தனை பேரும் வீட்டு உரிமையாளர்கள்.

சங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். சுதந்திர தினத்துக்குக் கொடி ஏற்றுவது, தெருவிளக்கு எரியாவிட்டால் புகார் கொடுப்பது, தீபாவளிக்குத் தூய்மைப் பணியாளர்களுக்குத் துணி எடுத்துக் கொடுப்பது, கேமரா வைத்தது எல்லாம் நடந்தது. நான் அப்போது பொருளாளர். ஆனால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "எங்கள் பகுதி மக்கள் சார்பாக" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். அந்த மக்களில் முக்கால்வாசிப் பேரிடம் நாங்கள் ஒரு வார்த்தை கேட்டதே இல்லை.

2021 நவம்பர் மழையில் பின்தெருக்களில் தண்ணீர் நின்றது. மாநகராட்சிக்குக் கடிதம் எழுதினோம். "மழைநீர் தேங்குகிறது, ஆவன செய்ய வேண்டும்." 2022இலும் அதே கடிதம், தேதி மட்டும் வேறு. நடவடிக்கை எடுக்கப்படும் என்று பதில் வரும், அதை ஃபைலில் வைப்போம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். என் வீட்டில் ஒரு அடி தண்ணீர். பின்தெருவில் இடுப்பளவு. நாலு நாள் கரண்ட் இல்லை. மொட்டை மாடியில் நின்றுகொண்டு பால் பாக்கெட்டைக் கயிற்றில் இறக்கிக் கொடுத்தோம். தண்ணீர் வடிந்த பிறகு தெரு முழுக்க மெத்தையும் தலையணையும்தான்.

ஜனவரியில் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். கூட்டம் பாதியில் இருக்கும்போது பின்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா வந்து வாசலோரம் நின்றார். பதினோரு வருடமாக அதே வீட்டில் வாடகைக்கு இருப்பவர். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், தண்ணி மெயின் ரோட்டுல இருந்து வருதுன்னு பேசிக்கிட்டு இருக்கீங்க. அங்க இருந்து வரல. கால்வாய்ப் பக்கம் இருந்து திரும்பி வருது. ராத்திரி என் வாசல்ல செருப்பு மிதந்துச்சு. எல்லாம் மேட்டப் பாத்துதான் போச்சு, பள்ளத்தப் பாத்து போகல."

நான் பேனாவை எடுத்தேன். அதற்குள் முன்வரிசையில் ஒருவர் திரும்பி, "நீங்க மெம்பர் இல்லையேம்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை, விதியைச் சொன்னார். ஆனால் அவர் எங்கள் நகரை விட்டுக் குடிபோய் ஏழு வருடம் ஆகிறது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அண்ணா நகர் பக்கம் இருக்கிறார். அவருக்கு ஓட்டு உண்டு. அந்தத் தண்ணீரில் தையல் மிஷினைக் கட்டில் மேல் தூக்கி வைத்து ராத்திரி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவுக்கு ஓட்டு இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சங்கத்தின் துணைவிதியை எடுத்துப் பார்த்தேன். உறுப்பினர் என்றால் "வீட்டு உரிமையாளர்" என்று எழுதி வைத்திருந்தார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இப்படி எழுதச் சொல்லவில்லை. யார் உறுப்பினர் என்பதைச் சங்கமே தன் விதியில் முடிவு செய்துகொள்ளலாம். நாங்கள்தான் அப்படி எழுதி வைத்திருந்தோம். மாற்ற வேண்டுமென்றால் சிறப்புத் தீர்மானம் வேண்டும். 21 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும், அந்தக் கூட்டத்தில் நாலில் மூன்று பங்கு ஆதரவு கிடைக்க வேண்டும்.

முதல் தடவை தோற்றது. வாடகைக்காரர்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போவார்கள் என்றார்கள். வீட்டு ஓனருக்கும் குடித்தனக்காரருக்கும் உள்ள தகராறெல்லாம் சங்கத்துக்கு வந்துவிடும் என்றார்கள். இரண்டாவது பயம் நியாயமானதுதான். அதனால் வாடகை, அட்வான்ஸ் சம்பந்தமான விவகாரம் எதையும் சங்கம் எடுக்காது என்று ஒரு விதி சேர்த்தோம். முதல் பயத்துக்கு நான் வீடு வீடாகப் போய்ச் சொன்ன பதில்: போகிறவர் போனால் அந்த வீட்டுக்கு வருகிறவரைச் சேர்த்துக்கொள்வோம், தெரு எங்கேயும் போகவில்லையே. மார்ச் மாதம் இரண்டாவது தடவை நிறைவேறியது. ஒரு போர்ஷனுக்கு ஒரு ஓட்டு, வருடத்துக்கு முந்நூறு ரூபாய், முடியாதவர்கள் தவணையில் கொடுக்கலாம். ரெண்டே மாதத்தில் உறுப்பினர் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அளக்க ஆரம்பித்தோம். டிசம்பர் தண்ணீர் சுவரில் விட்ட சேற்றுக் கோடு நிறைய வீடுகளில் அப்படியே இருந்தது. வெள்ளை அடித்தவர்கள்கூடக் கையை வைத்து "இதுவரைக்கும் வந்துச்சு" என்று காட்டினார்கள். தையல் அக்கா தன் கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பையே எடுத்துப் பிடித்தார், அவருடைய மகள் லாங் சைஸ் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். தெரு, கதவு எண், ரோட்டிலிருந்து கோடு வரை எத்தனை இன்ச். நாற்பத்தோரு வீடு. நோட்டைப் பார்த்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. தெருவின் நடுப்பள்ளத்தில் 22, 24 இன்ச் என்று இருந்தது. தெரு முடிகிற மூலையில் 38. கால்வாய்க்குப் பக்கத்தில்தான் அதிகம். வடிகால் சரியாக இருந்தால் அந்த மூலையில்தானே முதலில் வடிந்திருக்க வேண்டும்?

அங்கே போய் சிலாப்பை நெம்பிப் பார்த்தோம். புதிதாகக் கட்டிய மழைநீர் வடிகால் அந்த மூலையோடு முடிந்துவிட்டது. கால்வாய்க்கு இன்னும் முப்பது அடி. குறுக்கே ஒரு கழிவுநீர்க் குழாய் போவதால் கான்ட்ராக்டர் அதோடு நிறுத்தி, மேலே சிலாப் போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார். தெருவிலிருந்து கால்வாய்க்குப் போகும் பழைய திறப்பு ஒன்று பக்கத்திலேயே மூடாமல் கிடந்தது. கால்வாயில் தண்ணீர் ஏறினால் அந்த வழியாகத் தெருவுக்குள் திரும்பும். செருப்பு மேட்டைப் பார்த்து மிதந்தது அதனால்தான்.

இந்தத் தடவை "ஆவன செய்ய வேண்டும்" என்று எழுதவில்லை. அளவுப் பட்டியல், கையால் வரைந்த தெருப் படம், சிலாப்புக்குக் கீழே எடுத்த போட்டோ, 312 கையெழுத்து. இளம் பொறியாளர் ஒருவர் மூன்றாம் நாளே நேரில் வந்தார். நோட்டை நின்றபடியே புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை எனக்கு ஒரு ஜெராக்ஸ் போட்டுக் கொடுங்க சார்" என்றார். அதற்குப் பிறகும் உடனே நடந்துவிடவில்லை. குழாயை மாற்ற வேண்டியது ஒரு துறை, வடிகாலை இணைக்க வேண்டியது இன்னொரு துறை. ஒருவரை ஒருவர் கைகாட்டியபடி மூன்று மாதம் ஓடியது. இடையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: இந்தச் சட்டம் உரிமையைக் குடிமகனுக்குத் தருகிறது. அதனால் சங்கத்தின் லெட்டர்பேடில் போட்டால் திருப்பி அனுப்ப இடம் கொடுத்ததாகிவிடும். உறுப்பினர் ஒருவர் தன் சொந்தப் பெயரில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் போட வேண்டும். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. எங்கள் மனுவில் ஒரே ஒரு கேள்வி: இந்த வடிகால் கால்வாயில் எந்த இடத்தில் சேர்வதாகத் திட்ட வரைபடத்தில் இருக்கிறது, அதன் நகல் வேண்டும். அந்த வரைபடம் கைக்கு வந்த பிறகு பேச்சே வேறு மாதிரி ஆகிவிட்டது. செப்டம்பரில் இணைத்தார்கள்.

2024 அக்டோபர் 15 மழைக்குப் பின்தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. ராத்திரியோடு வடிந்துவிட்டது. அன்று ராத்திரி பத்து மணிக்கு அந்த மூலையில் குடையோடு முப்பது பேர் நின்று தண்ணீர் உள்ளே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை.

நம் பக்கத்தில் சங்கம் கவனிக்க வேண்டிய இன்னொன்று ரோடு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுத்தான் வாசற்படியெல்லாம் பள்ளமாகிப் போனது. பழைய தளத்தை மில்லிங் செய்து எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே எழுதி அனுப்பியிருக்கிறார். ஆனால் ரோடு போடும் வண்டி ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வரும். அந்த நேரத்தில் டேப்போடு நிற்க ஆள் வேண்டும். வேலை தொடங்கும் முன் தெருவோரம் இருக்கும் இ.பி. பில்லர் பாக்ஸ் என்கிற மின்பெட்டியின் அடிக்கட்டையில் ரோடு மட்டத்தைப் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்துவிடுவோம். முடிந்த பிறகு அந்தக் கோடு மறைந்திருந்தால் அப்போதே பேசுவோம். ராத்திரி நிற்க வருவது யார் தெரியுமா? பெரும்பாலும் பின்தெருப் பையன்கள், வாடகை வீட்டுப் பிள்ளைகள்தான்.

குப்பைக் கிடங்கைப் பற்றிச் சொல்லாமல் கொடுங்கையூர்க்காரன் பதில் எழுத முடியாது. நகரத்தின் வடக்குப் பாதிக் குப்பை பல பத்தாண்டாக இங்கேதான் வந்து விழுகிறது. காற்று திரும்பினால் ஜன்னலை மூட வேண்டும், கிடங்கில் தீப்பிடித்தால் குழந்தைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அங்கே நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வரப்போகிறது என்றபோது, 2025 மே மாதம் வடசென்னையின் பல நலச் சங்கங்கள் சேர்ந்து மனிதச் சங்கிலி நடத்தின. நாங்களும் நின்றோம். இவ்வளவு பெரிய விஷயத்தில் ஒரு நகர்ச் சங்கத்தால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது, பக்கத்துச் சங்கங்களோடு கைகோத்தால்தான் குரல் வெளியே கேட்கும். மூச்சு விடுவதில் சொந்த வீடு, வாடகை வீடு என்று வித்தியாசம் கிடையாது. அன்றைக்கு என் வலது பக்கம் கைகோத்து நின்ற பாட்டிக்குத் தன் பெயரில் ஒரு சதுர அடிகூட இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போய் உறுப்பினர் பதிவேட்டையும் கடைசி வருடக் கணக்கையும் பார்க்கக் கேளுங்கள். ஒழுங்கான சங்கம் என்றால் உடனே எடுத்துக் காட்டுவார்கள். வருடத்துக்கு ஒரு பொதுக்குழு நடக்கிறதா, நிர்வாகிகள் மூன்று வருடத்துக்கு மேல் தேர்தல் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். தேர்தல் நேரத்தில் கட்சித் துண்டோடு சங்க மேடை ஏறுகிறார்களா என்பதையும் விசாரியுங்கள், அப்படி ஆரம்பித்தால் பாதித் தெரு வரவே வராது. வாடகைக்காரருக்கு ஓட்டு இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். உங்கள் மாதிரி இருபது பேரிடம் கையெழுத்து வாங்கி, விதியை மாற்றப் பொதுக்குழுவில் வைக்கச் சொல்லிக் கொடுங்கள். துணைவிதி நகல் கேட்டால் என்னிடம் இருப்பதைத் தருகிறேன், எந்த வரியை மாற்றினோம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

எங்களுக்கு இன்னும் வேலை முடியவில்லை. மூலையில் இருக்கும் அந்தப் பழைய திறப்புக்கு ஷட்டர் போட்டால்தான் கால்வாய்த் தண்ணீர் திரும்பாது. அந்த ஃபைல் இப்போது தையல் அக்காவிடம் இருக்கிறது, போன தேர்தலில் அவர் செயற்குழுவுக்கு வந்துவிட்டார். கால்வாயில் ஒரு கம்பு நட்டு அதில் இன்ச் கோடு போட்டிருக்கிறார். மழை பெய்யும் நாளெல்லாம் காலையும் மாலையும் போய்ப் பார்த்து நோட்டில் எழுதுகிறார். ஐப்பசி பிறப்பதற்குள் அந்த நோட்டோடு மறுபடியும் அலுவலகத்துக்குப் போகிறோம்.