யார் வீட்டுப் பாட்டு?

கேள்வி: அமெரிக்கக் கிராமத்து இசையான 'கன்ட்ரி'யைப் பாடிப் பேர் வாங்க ஆஸ்திரேலியா, கனடா என்று எங்கிருந்தெல்லாமோ இளைஞர்கள் அந்த இசையின் தலைநகரான நாஷ்வில் போகிறார்கள். அந்த மண்ணில் பிறக்காதவர்கள் அந்த மண்ணின் பாட்டைப் பாடுவது வேஷம்தானே?
(வாசகர், கோவை)

பதில்: இல்லை. 'அந்த மண்ணின் பாட்டு' என்கிறீர்களே, அதில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தந்த வாத்தியம். பழைய ஃபிடில் மெட்டுகளில் பல ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவை. இழுத்து இழுத்து அழும் ஸ்டீல் கிதார் ஹவாய்த் தீவுக்காரர்களின் கைவண்ணம். வெளியிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து உண்டாக்கிய இசையை, இன்றைக்கு வெளியிலிருந்து வருகிற ஒரு பிள்ளை பாடினால் மட்டும் வேஷமாகிவிடுமா?

பிறந்த மண்தான் அளவுகோல் என்றால் கன்ட்ரி பாடகர் சார்லி ப்ரைடை எங்கே வைப்பீர்கள்? மிசிசிப்பியின் பருத்திக்காட்டில் வளர்ந்தவர். அந்த மண்ணுக்கு அவரைவிடச் சொந்தக்காரர் யார்? ஆனாலும் கறுப்பர் என்பதால், 1966இல் அவருடைய முதல் இசைத்தட்டுகளைப் புகைப்படம் இல்லாமல்தான் வானொலி நிலையங்களுக்கு அனுப்பினார்கள். குரலைக் கேட்டு ரசித்த பிறகே முகம் தெரியட்டும் என்ற பயம். 1971இல் அதே துறை அவருக்குத் தன் மிகப் பெரிய விருதைக் கொடுத்தது. மண், மரபு என்ற பேச்சை வாசலில் நின்று யாரைத் தடுக்க எடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சரி, போகிற இளைஞர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? டெர்ரி கிளார்க் 1987இல், 18 வயதில், கனடாவின் மெடிசின் ஹேட்டிலிருந்து வந்தவர். ரைமன் அரங்கத்தின் பின்சந்தில் இருக்கும் டூட்ஸீஸ் மதுக்கூடத்தில் டிப்ஸுக்குப் பாடினார். முதல் ஆல்பம் வந்தது 1995இல். நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த கீத் அர்பன், 1990இல் அங்கே டாம்வர்த் நகரில் நடந்த 'ஸ்டார் மேக்கர்' கன்ட்ரி பாட்டுப் போட்டியில் ஜெயித்தவர். சொந்த ஊரிலேயே பேரோடு இருந்திருக்கலாம். 1992இல் நாஷ்வில் போய், மற்றவர்கள் பாட்டுக்குக் கிதார் வாசித்தார். ஒரு குழு ஆரம்பித்தார், அது கலைந்தது. தனிப் பாடகராக அவர் பாட்டு முதலிடத்துக்கு வந்தது 2001இல்தான். வேஷம் போடுகிறவன் ஒன்பது வருடம் தாங்க மாட்டான்.

அங்கே ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியக்காரர் கையில் கொடுப்பது ஒரே ஒரு தாள். அதில் 1, 4, 5 என்று எண்கள் மட்டும் இருக்கும். கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, எண்ணாலேயே எழுதும் நாஷ்வில் முறை அது. பாடகருக்கு எட்டவில்லை என்று சுருதியைக் குறைத்தால் தாளை மாற்ற வேண்டாம். நம் ச, ரி, க போல எண் அப்படியே நிற்கும், விரல்தான் இடம் மாறும். அந்தத் தாளைப் பார்த்ததும் வாசிக்கத் தெரிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. பாஸ்போர்ட்டை அந்த அறையில் யாரும் கேட்பதில்லை.

பாஸ்போர்ட்டைக் கேட்கும் இடம் வேறு. எனக்குக் கோபம் வருவதும் அங்கேதான். சுற்றுலா விசாவில் போன பிள்ளை, மேடையோரத்து உண்டியலில் விழும் டிப்ஸுக்குக்கூடப் பாடக் கூடாது. கலைஞர்கள் பலர் நம்பிப் போகும் ஓ-1 விசாவுக்கோ 'அசாதாரணத் திறமை' இருப்பதை விருது, பத்திரிகைச் செய்தி, பெரியவர்களின் கடிதம் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். கற்றுக்கொள்ளப் போகிற வயதில் இதற்கு எங்கே போவது? பணமும் வக்கீலும் உள்ள வீட்டுப் பிள்ளை எப்படியோ சமாளித்துவிடும். பண்ணை வேலை செய்து கிதார் வாங்கிய பிள்ளை, டெர்ரி கிளார்க் பாடிய அந்த மதுக்கூடத்தில் கேட்கிறவராக மட்டும் உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். உங்கள் சந்தேகத்தை அந்தப் பிள்ளையின் மேல் வைக்காதீர்கள்.